அனுபவத்துக்கு வகுப்பறையில் இடம் கொடுங்கள்

சனிக்கிழமை காலை எட்டரை மணி. சென்னையின் பல அலுவலகங்கள் பூட்டிக் கிடக்கும் நேரத்தில், முப்பத்தைந்து நாற்பது வயதுக்காரர்கள் பலர் முதுகில் பையோடு வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வங்கிக் கிளை மேலாளர், மென்பொருள் நிறுவனத்தின் திட்டப் பொறுப்பாளர், மருந்துக் கம்பெனியின் வட்டார விற்பனை அதிகாரி, ஒரகடம் ஆலையொன்றின் உற்பத்திப் பிரிவுத் தலைவர். இரண்டு ஆண்டுகளுக்கு இவர்களுக்கு வார விடுமுறை கிடையாது. உறவினர் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, பிள்ளையின் பள்ளி ஆண்டு விழா எல்லாமே வகுப்பு அட்டவணையைப் பார்த்துத்தான். மாதம் பிறந்தால் கல்விக் கடன் தவணை வேறு. இத்தனையையும் ஏற்றுக்கொண்டு படிக்க வருகிறவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இந்தக் கட்டுரையை எழுதவைப்பது அந்த மரியாதைதான்.

நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு வகுப்பில் ஆளுக்குப் பன்னிரண்டு ஆண்டு வேலை அனுபவம் என்று வைத்தாலும், மொத்தம் 480 ஆண்டு அனுபவம் அந்த அறைக்குள் இருக்கிறது. எந்தத் தனிப் பேராசிரியரிடமும் எந்த நூலகத்திலும் அது கிடைக்காது. ஆனால், நான் அறிந்தவரையில், வேலையில் இருப்போருக்காக நம் நாட்டில் நடக்கும் மேலாண்மைப் படிப்புகளில் பல அந்த 480 ஆண்டைத் தொடாமலேயே முடிந்துவிடுகின்றன. கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு சேரும் இருபத்திரண்டு வயது மாணவருக்கு நடத்தும் அதே பாடம், அதே ஸ்லைடுகள், அதே தேர்வு. நேரத்தை மட்டும் சுருக்கி வார இறுதிக்கு நகர்த்தியிருக்கிறார்கள். படிக்க வருபவரின் அனுபவமே இந்தப் படிப்பின் முதல் பாடநூலாக வேண்டும். அப்படி ஆகவில்லை என்றால், இவ்வளவு பணமும் இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் ஒரு காகிதத்துக்காக மட்டும் போகின்றன.

வேலையில் இருப்பவருக்கான எம்பிஏவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதைத் தொடங்கியது. இரண்டு ஆண்டு கழித்து, மூத்த நிர்வாகிகளுக்கான உயர்நிலைப் பயிற்சியை ஹார்வர்டு வணிகப் பள்ளி ஆரம்பித்தது. நம் நாட்டிலும் இந்த மரபு பழையது. 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐஐஎம்கள் பிறப்பதற்கு முன்பே, 1956இல் ஹைதராபாதில் இந்திய நிர்வாகப் பணியாளர் கல்லூரி வந்துவிட்டது. இங்கிலாந்தின் ஹென்லி கல்லூரியை முன்மாதிரியாகக் கொண்டு, அரசிலும் தொழில்துறையிலும் ஏற்கெனவே பொறுப்பில் இருந்தவர்களை ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைப்பதற்காக உருவான இடம் அது. அதாவது, இளைஞர்களுக்கு மேலாண்மை கற்பிக்க ஐஐஎம் கட்டுவதற்கு முன்பாகவே, வேலையில் இருப்பவர்களை உட்காரவைத்துக் கற்கச் செய்ய வேண்டும் என்று இந்த நாடு யோசித்திருக்கிறது.

இன்று வாய்ப்புகளுக்குக் குறைவில்லை. பெங்களூர் ஐஐஎம் பல ஆண்டுகளாக வார இறுதிப் படிப்பு நடத்துகிறது. திருச்சி ஐஐஎம் வேலைபார்ப்போருக்காகச் சென்னைக்கே வந்து வகுப்பெடுக்கிறது. சென்னை ஐஐடியின் மேலாண்மைத் துறையில் எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் லயோலா மேலாண்மைக் கல்லூரியின் மாலை வகுப்புகளில் படித்துப் பெரிய பொறுப்புகளுக்குப் போனவர்கள் இந்த ஊரில் ஏராளம். பேராசிரியர் பாலா பாலசந்திரன் 2004இல் தொடங்கிய கிரேட் லேக்ஸ், வேலையை விட்டுவிட்டு வருபவர்களுக்கு ஓராண்டுப் படிப்பைக் கொடுத்தது. கோழிக்கோடு ஐஐஎம் 2001இலேயே தொலைவிலிருந்து நேரலையாகப் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டது. கைபேசியில் படிக்கும் இணையவழிப் படிப்புகளையும் சேர்த்தால் பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

இனி, அந்த வகுப்பறைக்குள் என்ன நடக்கலாம் என்று பார்ப்போம்.

நடைமுறை மூலதனம் என்ற பாடத்தை எடுத்துக்கொள்வோம். புத்தகம் சொல்வது மூன்று விஷயம். சரக்கைத் தேங்கவிடாதே. வாடிக்கையாளரிடமிருந்து பணத்தைச் சீக்கிரம் வாங்கு. சப்ளையருக்குத் தர வேண்டியதை முடிந்தவரை தள்ளிப்போடு. சரக்கு 60 நாள் கிடப்பில், வர வேண்டிய பாக்கி 45 நாள், தர வேண்டிய பாக்கி 90 நாள் என்றால், முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்து, நிறுவனத்தின் பணம் 15 நாள் மட்டுமே முடங்கியிருக்கிறது என்று எழுதினால் முழு மதிப்பெண். தர வேண்டிய நாள் 90இலிருந்து 105 ஆனால் முடக்கம் பூஜ்யம். நிதி மேலாளருக்குப் பாராட்டு. இருபத்திரண்டு வயது மாணவர் இதை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அவருக்கு அந்த 90 என்பது ஓர் எண். அவர் வேறென்ன செய்ய முடியும்?

வார இறுதி வகுப்பில் அந்த 90 நாள் நேரில் வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் பார்த்த ஒரு வகுப்பில், கோவையில் பம்ப்செட் உதிரிபாகம் வார்க்கும் சிறு ஆலையின் மேலாளர் ஒருவர் இருந்தார். இரண்டு வரிசை தள்ளி, பெரிய நிறுவனமொன்றின் கொள்முதல் அதிகாரி. பக்கவாட்டில் ஒரு வங்கியின் கடன் பிரிவு அலுவலர். ஆசிரியர் ஸ்லைடை அணைத்துவிட்டு, “இந்த 90 நாளுக்கு வட்டி கட்டுவது யார்?” என்று கேட்டார். அதன்பிறகு அவர் அதிகம் பேசவே இல்லை.

கணக்கைப் பலகையில் போட்டார்கள். பத்து லட்ச ரூபாய் பில். பெரிய நிறுவனம் 9 சதவீதத்துக்குக் கடன் வாங்க முடியும் என்றால், 90 நாளுக்கு அதன் செலவு சுமார் 22,000 ரூபாய். சிறு ஆலை 14 சதவீதத்துக்கு வாங்கினால் அதே 90 நாளுக்குச் சுமார் 34,500 ரூபாய். வங்கி வரம்பு தீர்ந்துபோய் வெளியே இரண்டு வட்டிக்கு வாங்க நேர்ந்தால் 59,000 ரூபாய். அந்த ஆலை மேலாளர் அப்போது ஒன்று சொன்னார். அந்த வட்டியை அவர் விட்டுவிடுவதில்லை; அடுத்த ஆர்டருக்கு விலை சொல்லும்போது ஒவ்வொரு உதிரிபாகத்தின் மீதும் அதை ஏற்றிவிடுகிறார். கொள்முதல் அதிகாரிக்கு இது புதிய செய்தி. பாக்கியைத் தள்ளிப்போட்டுத் தன் நிறுவனத்துக்குப் பணம் மிச்சம் பிடிப்பதாக அவர் நினைத்திருந்தார். 9 சதவீத வட்டியைத் தவிர்ப்பதற்காக 14 சதவீத வட்டியை விலையில் கட்டிக்கொண்டிருப்பது அந்த அறையில்தான் அவருக்குத் தெரிந்தது.

பேச்சு அங்கிருந்து சட்டத்துக்குப் போனது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும்; தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூடும் கூட்டு வட்டி. அந்த வட்டியை எத்தனை பேர் கேட்டு வாங்குகிறார்கள்? கேட்டால் அடுத்த ஆர்டர் வராது. இதற்காகவே வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, உரிய காலத்துக்குள் தராத தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது என்று 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறைப்படுத்தினார்கள். உடனே, பதிவு செய்த சிறு நிறுவனங்களை விட்டுவிட்டுப் பிறரிடம் ஆர்டரை மாற்றும் போக்கு பற்றிய கவலைக் குரல்களும் எழுந்தன. பில்லை முன்கூட்டியே தள்ளுபடியில் பணமாக்கித் தரும் ‘டிரெட்ஸ்’ தளத்தில் 250 கோடி ரூபாய்க்கு மேல் வணிகம் செய்யும் நிறுவனங்கள் சேர்ந்தாக வேண்டும் என்று 2024 நவம்பரில் ஆணை வந்தது. வங்கி அலுவலர் இந்தத் தளம் வேலை செய்யும் விதத்தை விளக்கினார். ஆலை மேலாளரோ, வாங்குபவர் பில்லை ஏற்றுக்கொண்டதாகப் பதிவுசெய்யும் வரை அந்தத் தளத்தால் தனக்குப் பயனில்லை என்றார். கொள்முதல் அதிகாரி, அந்தப் பதிவு தன் மேசையில் எதனால் தாமதமாகிறது என்று சொல்லத் தொடங்கினார்.

நிதி, சட்டம், பேரத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்ற அரசியல், வங்கியின் நடைமுறை எல்லாமே இரண்டு மணி நேரத்தில் ஒன்றோடொன்று பின்னி வந்தன. இதை எந்தப் பாடநூலும் ஒரே அத்தியாயத்தில் தராது. ஹார்வர்டில் 1920களிலிருந்து வேர்விட்ட கேஸ் முறைகூட வேறொருவர் எழுதிவைத்த நிறுவனக் கதையை மாணவர் வாசித்து விவாதிப்பதுதான். இங்கே கதை மாந்தர்களே வகுப்பில் இருந்தார்கள்.

இதை ஓர் ஆசிரியரின் தனித்திறமை என்று விட்டுவிடக் கூடாது. படிப்பின் அமைப்பாகவே ஆக்க முடியும், ஆக்கியும் காட்டியிருக்கிறார்கள். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க், வழக்கமான எம்பிஏ தவறான ஆட்களுக்குத் தவறான வழிகளில் கற்பிக்கிறது என்று 2004இல் ஒரு நூலே எழுதினார். மேலாண்மை என்பது செய்து செய்து பழகும் ஒரு தொழில்; அதைச் செய்தே பார்க்காதவருக்கு வகுப்பறையில் ஊட்ட முடியாது என்பது அவர் கருத்து. கண்டனத்தோடு நிற்காமல், 1996இலேயே பல நாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து, வேலையில் இருக்கும் மேலாளர்களுக்கென ஒரு பன்னாட்டுப் படிப்பைத் தொடங்கிவிட்டார். அதில் பெங்களூர் ஐஐஎம்மும் பங்காளி. உலகை அறியும் மனப்பான்மை என்ற பகுதியைப் பெங்களூரில் நடத்தினார்கள். அதாவது இந்தப் பாடம் நமக்குப் பக்கத்து வீட்டிலேயே நடந்திருக்கிறது.

அந்தப் படிப்பின் இரண்டு ஏற்பாடுகளை இங்கே எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, வகுப்பு நேரத்தில் பாதி மாணவர்களுடையது. வட்ட மேசைகளில் உட்கார்ந்து, ஆசிரியர் சொன்னதைத் தங்கள் வேலையோடு வைத்துப் பேசுவதற்கு அந்தப் பாதி ஒதுக்கப்படுகிறது. இரண்டாவது எனக்கு இன்னும் பிடித்தது. மாணவர்கள் ஜோடி சேர்ந்து, ஒருவர் வேலையிடத்தில் மற்றவர் சில நாள் தங்கிக் கவனிக்க வேண்டும். மருத்துவமனை நிர்வாகி ஆலைக்குப் போவார்; ஆலை மேலாளர் வங்கிக்குப் போவார். அங்கே கண்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தன் அலுவலகத்தில் பத்து வருடமாகத் தான் கவனிக்காத ஒன்றை வெளியாள் மூன்றாம் நாளே கேட்டுவிடுவார். சென்னையில் ஒரே வகுப்பில் துறைமுகம், மருத்துவமனை, கார் ஆலை, மென்பொருள் என்று நான்கு உலகத்தைச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அண்ணா சாலையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் நடத்திவிடக்கூடிய இந்தப் பரிமாற்றத்தை நம் கல்லூரிகள் கட்டாயமாக்காமல் இருப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. இதற்கான செலவு பேருந்துக் கட்டணம்.

பணம், பட்டம், பெயர்

செலவு என்றதும் கட்டணம் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்பிஏ முழுவதும் ஒரு லட்ச ரூபாய்க்குள் முடிந்துவிடும். அகமதாபாத் ஐஐஎம்மின் ஓராண்டுப் படிப்புக்கு 30 லட்சத்துக்கு மேல். இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே எல்லா விலையிலும் படிப்பு கிடைக்கிறது. எதற்காக இந்த வித்தியாசம் என்று கேட்டால் ஆசிரியர், வளாகம், தொடர்புகள் என்று பதில் வரும். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பகுதிநேரப் படிப்புகள் பலவற்றில் வளாக வேலைவாய்ப்பு ஏற்பாடு கிடையாது என்பதை விளம்பரம் பார்த்துச் சேர்பவர் கவனிப்பதில்லை. முழுநேரப் படிப்பின் சம்பளக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பகுதிநேரப் படிப்புக்குக் கடன் வாங்குகிறார்கள்.

கையில் கிடைக்கப்போவது பட்டமா, பட்டயமா, வெறும் சான்றிதழா என்பதையும் சேருமுன் தெரிந்துகொள்ள வேண்டும். 2017ஆம் ஆண்டின் ஐஐஎம் சட்டம் 2018 ஜனவரி 31இல் நடைமுறைக்கு வரும்வரை ஐஐஎம்கள்கூட முதுநிலைப் பட்டயம்தான் கொடுத்துவந்தன. அதன்பிறகே எம்பிஏ என்ற பட்டம். ஹைதராபாதின் இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ் உலகப் புகழ் பெற்றது. ஆனாலும் அது கொடுப்பது பல்கலைக்கழகப் பட்டம் அல்ல. தனியார் வேலைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பிற்காலத்தில் முனைவர் பட்டத்துக்கோ அரசுப் பதவிக்கோ போக நினைப்பவருக்குப் பெரிய பொருட்டு. வரியிலும் வேறுபாடு உண்டு. ஓராண்டுக்குக் குறையாத ஐஐஎம் பட்ட, பட்டயப் படிப்புகளுக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது; குறுகிய காலப் பயிற்சிகளுக்கு 18 சதவீதம் சேரும். இரண்டு லட்ச ரூபாய்ப் பயிற்சிக்கு 36,000 ரூபாய் வரி. கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரியில் கிடைக்கும் கழிவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

பட்டத்தின் பெயரைச் சுற்றி நடக்கும் வியாபாரம் எவ்வளவு தூரம் போனதென்றால், பத்து நாளில் எம்பிஏ என்று விளம்பரம் செய்தவர்களைப் பற்றி மக்களை எச்சரிக்க வேண்டிய நிலைக்கு 2024இல் பல்கலைக்கழக மானியக் குழு வந்தது. பட்டப் படிப்புகளைக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களிடம் குத்தகைக்கு விடக் கூடாது என்று 2022 ஜனவரியில் எச்சரிக்கை. அங்கீகாரம் பெறாத வெளிநாட்டுக் கூட்டுப் பட்டங்கள் செல்லாது என்று 2023 டிசம்பரில் இன்னொன்று. தமிழ்நாட்டுக்கு இதில் ஆறாத புண் ஒன்று இருக்கிறது. 1979 முதல் தொலைநிலைக் கல்வியில் லட்சக்கணக்கான குடும்பங்களுக்குப் பட்டம் தந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகள் 2014-15க்குப் பிறகு அங்கீகாரம் பெறாதவை என்று 2022இல் மானியக் குழு அறிவித்தது. அப்போது தவித்தவர்கள், பகலில் வேலைபார்த்து இரவில் படித்தவர்கள். நிறுவனமும் ஒழுங்குமுறை அமைப்பும் மோதிக்கொண்டபோது அடி விழுந்தது அவர்கள் மீது. சேர்க்கைக்கு முன்பே, அந்த ஆண்டுக்கு, அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று மானியக் குழுவின் பட்டியலில் பார்த்துவிடுங்கள். விளம்பரத்தில் இருக்கும் முத்திரையை நம்ப வேண்டாம்.

அலுவலகம் எங்கே போனது?

ஒரு விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. தங்கள் ஊழியர் படிப்பதை நிறுவனங்கள் சொந்த விவகாரமாகவே பார்க்கின்றன. கட்டணத்தில் ஒரு பங்கைத் தந்துவிட்டு, மூன்று ஆண்டு வேலையை விட்டுப் போகக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொள்வதோடு பல நிறுவனங்களின் அக்கறை முடிந்துவிடுகிறது. சனிக்கிழமை வகுப்பு நடுவே அலுவலக அழைப்பு வருவதை யாரும் தவறாக நினைப்பதில்லை. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் 90 மணி நேரம் பற்றிப் பேசியது நாடெங்கும் விவாதமானது. 70 மணி நேரம் வேலைபார்ப்பவர் எப்போது படிப்பார், படித்ததை எப்போது யோசிப்பார்? திறன் மேம்பாடு பற்றி மேடைதோறும் பேசும் தொழில்துறை, நேரத்தைக் கொடுக்காமல் திறனை மட்டும் கேட்பது நியாயமே இல்லை.

படித்ததைத் திரும்பக் கொண்டுவந்தால் என்ன ஆகிறது? வகுப்பில் கற்ற புதிய யோசனையைத் திங்கட்கிழமை மேலதிகாரியிடம் சொன்னால், ‘இங்கே அதெல்லாம் சரிப்பட்டு வராது’ என்ற பதில் காத்திருக்கிறது. இதை அறுபது ஆண்டுக்கு முன்பே யோசித்தவர்கள் இருக்கிறார்கள். 1960களில் அகமதாபாத் ஐஐஎம் மூன்றடுக்குப் பயிற்சி என்று ஒன்றை நடத்தியது. ஒரே நிறுவனத்திலிருந்து நடுத்தர மேலாளர், அவருக்கு மேல் இருக்கும் மூத்த அதிகாரி, உச்சத்தில் இருக்கும் தலைமை நிர்வாகி மூவருமே வர வேண்டும். கீழே இருப்பவர் நீண்ட காலம் படிப்பார். மேலே போகப் போகக் காலம் குறையும். கீழே இருப்பவர் கற்றுக்கொண்டு திரும்பும்போது, மேலே இருப்பவருக்கும் அது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும் என்பதே நோக்கம். தடை எங்கிருந்து வரும் என்று தெரிந்து அமைத்த பயிற்சி அது. இன்று தனித்தனி ஆளாகப் பணம் கட்டிச் சேரும் முறை வந்தபின் இந்த யோசனையே மறைந்துவிட்டது. ஊழியரை அனுப்பும் ஒவ்வொரு நிறுவனமும், அவருடைய மேலதிகாரியை ஒவ்வொரு பருவத்திலும் ஒரு நாளாவது வகுப்புக்கு அனுப்ப வேண்டும் என்று கல்லூரிகள் நிபந்தனை போடலாம். ஊழியர் எடுத்துக்கொள்ளும் களத் திட்டத்தை அந்த மேலதிகாரியோடு சேர்ந்தே முடிவு செய்யலாம்.

பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினம். தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 2024இல் ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிட்டார்கள்; ஈடுபட்ட ஆண்கள் 88 நிமிடம். வார இறுதி வகுப்பு என்ற ஏற்பாடே, வார இறுதியில் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேறு யாரோ இருக்கிறார் என்ற நம்பிக்கையில் போடப்பட்டது. அந்த ‘வேறு யாரோ’ பெரும்பாலும் மனைவியோ அம்மாவோ மாமியாரோதான். ஒரு பெண் ஊழியர் சேர விரும்பினால், வார நாளில் அரை நாள் பணி நேரத்திலேயே வகுப்பு வைப்பதுதான் அவருக்கு உண்மையான உதவி. வளாகத்தில் குழந்தைகள் காப்பகம் இருந்தால் இன்னும் பலர் வருவார்கள். இரண்டுமே செய்யக்கூடியவைதான்.

கதவுக்கு வெளியே நிற்பவர்கள்

அனுபவம்தான் பாடநூல் என்றால், அதிக அனுபவம் உள்ள ஒரு கூட்டத்தை நாம் கதவுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறோம். ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் கோவையிலும் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்து இயந்திரத்தின் முன் நின்று, பதினைந்து ஆண்டில் ஷிப்ட் பொறுப்பாளராகவும் ஃபோர்மேனாகவும் உயர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்குக் கீழும் ஐம்பது பேர். ஆள் வராத நாளில் லைனை ஓட்டுவது, இரண்டு பேர் சண்டையைத் தீர்ப்பது, தரக் குறைபாட்டின் வேரைத் தேடுவது, மேலிருந்து வரும் உற்பத்தி இலக்குக்கும் கீழிருந்து வரும் களைப்புக்கும் நடுவே நிற்பது எல்லாமே இவர்கள் வேலை. மேலாண்மை என்று வகுப்பில் சொல்வதை ஒவ்வொரு ஷிப்டிலும் செய்கிறவர்கள். ஆனால் இளநிலைப் பட்டம் இல்லாததால் எம்பிஏ விண்ணப்பத்தின் முதல் பக்கத்தைக்கூட இவர்களால் தாண்ட முடியாது. நேற்றுப் பட்டம் வாங்கி வந்த மேலாளர் அடுத்த வருடம் இவர்களுக்கு மேலே உட்காருவார்.

தமிழ்நாட்டுக்கு இதில் நல்ல முன்னுதாரணம் உண்டு. வேலையில் இருக்கும் டிப்ளமோதாரர்களுக்கு மூன்றரை ஆண்டு பகுதிநேர பி.இ. படிப்பைக் கோவையின் அரசு தொழில்நுட்பக் கல்லூரியும் பிஎஸ்ஜியும் சிஐடியும் நெடுங்காலம் மாலை நேரத்தில் நடத்தியிருக்கின்றன. ஆலையில் ஷிப்ட் முடித்து, குளித்துவிட்டு வகுப்புக்கு வந்தவர்கள் இந்த மாநிலத்தின் பம்ப், ஜவுளி இயந்திரத் தொழில்களைத் தூக்கி நிறுத்தியவர்களில் அடக்கம். பொறியியலில் முடிந்தது மேலாண்மையில் ஏன் முடியாது? நாட்டில் ஆலை வேலையில் இருக்கும் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று மத்திய அரசின் தொழில் ஆய்வுகள் காட்டுகின்றன. இவர்களில் எத்தனை பேர் மேற்பார்வையாளராகி, அதற்கும் மேலே போகிறார்கள்? அந்தப் படியை ஏற்றிவிடும் படிப்பு நம்மிடம் இல்லை.

அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 2023 ஏப்ரலில் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பு, வேலை அனுபவத்துக்கும் கல்விக் கிரெடிட் தரலாம் என்கிறது. டிப்ளமோவும் பத்து ஆண்டு மேற்பார்வை அனுபவமும் உள்ளவரை மதிப்பிட்டு, குறையாக இருக்கும் கணிதத்தையும் கணக்குப்பதிவையும் ஓராண்டு இணைப்புப் பாடமாக நடத்தி, பிறகு முதுநிலை மேலாண்மைக்குள் அழைத்துவர ஒரு பல்கலைக்கழகம் முன்வந்தால் போதும். பாடம் தமிழிலும் இருக்கட்டும்; தேர்வும் தமிழில் எழுதட்டும். கட்டணத்தில் பாதியை ஆலை ஏற்கட்டும். வாரத்தில் ஒரு ஷிப்டைப் படிப்புக்கு விடட்டும். மாநில அரசுக்குச் சொந்தமான தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் இதற்கான பாடத்திட்டத்தை எழுத உட்காரும்போது, மேசையைச் சுற்றிப் பேராசிரியர்களோடு நான்கு ஃபோர்மேன்களும் இருக்க வேண்டும். அவர்களில் இருவர் பெண்களாக இருக்க வேண்டும். முதல் அணிக்கு முப்பது பேர் போதும். வகுப்பு ஸ்ரீபெரும்புதூரில், ஆலை வாசலுக்கு அருகே நடக்கட்டும்.